16-ஆம் எண்: நீட்சே வீட்டு எள்ளுத்தாத்தாவைத் தேடுதல்

1888 ஏப்ரல் 10 அன்று, டென்மார்க் விமர்சகர் கியோர்க் பிராண்டெஸுக்கு ஜெர்மன் தத்துவவாதி நீட்சே தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதி அனுப்பினார். அதில் குடும்பத்தைப் பற்றி மூன்று செய்திகள் உண்டு. முன்னோர் போலந்துப் பிரபுக்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி, வைமாரில் கவிஞர்கள் கோதே, ஷில்லர் வட்டத்தோடு பழகியவர். அந்தப் பாட்டியின் சகோதரர், எழுத்தாளரும் போதகருமான ஹெர்டர் வகித்த தலைமைச் சூப்பரின்டென்டென்ட் (சபைகளை மேற்பார்க்கும் போதகர்) பதவிக்கு அவருக்குப் பின் வந்தவர். அதே ஆண்டில் எழுதிய தன்வரலாற்று நூலான 'எக்கே ஹோமோ'வில் நான்காவது செய்தியும் சேர்ந்தது: நெப்போலியன் ஐலன்பர்க் ஊருக்குள் நுழைந்த அன்றுதான் அப்பா அங்கே பிறந்தார். ஐந்தாவது, வாழ்க்கை வரலாறுகளில் வழக்கமாக வரும் வரி: "தலைமுறை தலைமுறையாகப் போதகர்களைத் தந்த குடும்பம்."

பிரஷ்யாவின் படித்த போதகர் குடும்பம் ஒன்றின் கொடிவழியை எப்படித் தேடுவது என்று காட்ட இதைவிட வாகான வீடு கிடைக்காது. இப்படிப்பட்ட குடும்பங்களில் காகிதம் ஏராளம். ஞானஸ்நானப் பதிவு, பல்கலைக்கழகச் சேர்க்கை, தேர்வுச் சான்று, நியமன ஆணை, கல்லறைப் பிரசங்கம் எல்லாம் கிடைக்கும். சிக்கல் வேறு இடத்தில்: எழுதத் தெரிந்த குடும்பம் தன் கதையையும் எழுதிவைத்துவிடுகிறது. நன்றாக எழுதப்பட்ட கதையைப் பார்த்ததும் பதிவேட்டைத் திறக்கக் கை வருவதில்லை.

எண் போடுவது

ஜெர்மானியக் கொடிவழி ஆய்வில் கெகுலே எண்முறைதான் புழக்கத்தில் இருக்கிறது. ஆய்வுக்குரியவர் 1. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. நீட்சே வீட்டுக்கு:

1. பிரீட்ரிக் வில்ஹெல்ம் நீட்சே, ரொக்கன் 15.10.1844 – வைமார் 25.8.1900
2. கார்ல் லுட்விக் நீட்சே, ஐலன்பர்க் 10.10.1813 – ரொக்கன் 30.7.1849, போதகர்
3. பிரான்சிஸ்கா ஓலர், போப்லெஸ் 2.2.1826 – நௌம்பர்க் 20.4.1897
4. பிரீட்ரிக் அவுகுஸ்ட் லுட்விக் நீட்சே, 1756 – 1826, ஐலன்பர்க் சூப்பரின்டென்டென்ட்
5. எர்ட்முத்தே கிரவுசே, 1778 – 1856
6. டாவிட் எர்ன்ஸ்ட் ஓலர், 1787 – 1859, போப்லெஸ் போதகர்
7. வில்ஹெல்மினே ஹான், 1794 – 1876
8. கோட்ஹெல்ஃப் எங்கெல்பெர்ட் நீட்சே, 1714 – 1804, பிப்ரா ஊரில் கலால் ஆய்வாளர்
10. கிரவுசே, ரைகன்பாக் ஊரின் ஆர்க்கிடையாகனுஸ் (இரண்டாம் இடத்துப் போதகர்)

எண் போட்டவுடன் கதைகள் எங்கே தொங்குகின்றன என்பது தெரிந்துவிடும். நெப்போலியன் கதை 2-இல். ஹெர்டர் கதை 5-இன் உடன்பிறந்தாரில். கோதே கதை 5-இல் தொடங்கி 11-க்கு நகர்கிறது; நகர்ந்த காரணம் பின்னால் வரும். போலந்துக் கதை முழுவதும் 16-இல், அதாவது 8-இன் அப்பாவில். கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறித்தான் அவரிடம் போக வேண்டும். நேராக 16-க்குத் தாவிப் போலந்துப் பிரபுக்களின் பட்டியலில் 'நீட்ஸ்கி'யை (தன் பெயருக்கு நீட்சே சொன்ன போலந்து வடிவம்) தேடத் தொடங்கினால், அதே பெயரில் எவராவது கிடைக்கத்தான் செய்வார். அவர் நம் ஆள் என்பதற்கு மட்டும் எதுவும் கிடைக்காது.

எந்த அரசு, எந்த ஆவணக்காப்பகம்

'பிரஷ்யக் குடும்பம்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் 4-ஆம் எண் பிறந்தபோது அந்த மண் பிரஷ்யா இல்லை, சாக்சனி. 1815 வியன்னா உடன்பாட்டில் சாக்சனியின் வடபாதி பிரஷ்யாவுக்குப் போனது. ஐலன்பர்க், நௌம்பர்க், சைட்ஸ், பிப்ரா, லூட்சன் பக்கத்து ரொக்கன் எல்லாம் அப்போதுதான் பிரஷ்யாவின் சாக்சனி மாகாணத்துக்குள் வந்தன. ரைகன்பாக் வரவில்லை, அது சாக்சனி அரசோடு நின்றுவிட்டது. 2-ஆம் எண் இளவரசிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆல்டன்பர்க் தனிச் சிற்றரசு. வைமாரும் தனி. ஆக, ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைக்கு நான்கு அரசுகளின் ஆவணங்களைப் பார்க்க வேண்டும்.

இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடுபவர்கள் ஐலன்பர்க்கில் ஏமாறுவார்கள். ஐலன்பர்க் இன்று சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் அதன் சபை, சாக்சனித் திருச்சபையைச் சேர்ந்ததன்று. மத்திய ஜெர்மனி சுவிசேஷத் திருச்சபையைச் சேர்ந்தது. திருச்சபை எல்லை பழைய பிரஷ்ய மாகாண எல்லையையே இன்னும் பின்பற்றுகிறது. அதனால் ஐலன்பர்க் பதிவேடுகளுக்கு மாக்டபர்க் வழியாகப் போக வேண்டும். ரைகன்பாக்குக்கு டிரெஸ்டன் வழி. மாநிலத்தைப் பார்த்துத் தவறான காப்பகத்துக்குக் கடிதம் போட்டுவிட்டு, "இங்கே இல்லை" என்ற பதிலை "பதிவே இல்லை" என்று படித்துவிடுவதுதான் இங்கே பரவலாக நடக்கும் தவறு. ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: நிகழ்வு நடந்தபோது எந்த அரசு, 1815-க்குப் பின் எந்த அரசு, இன்று எந்த மாநிலம், இன்று எந்தத் திருச்சபை.

தேவாலயப் பதிவேடுகளின் படங்கள் பல இப்போது ஆர்க்கியோன் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. எல்லாச் சபைகளும் அதில் இல்லை. இல்லாதவற்றுக்குத் திருச்சபைக் காப்பகம் அல்லது ஊர்ச் சபை அலுவலகம்.

இன்னொரு வசதி, இரட்டைப் படி. 1794-இன் பிரஷ்யப் பொதுச் சட்டம், பதிவேட்டின் இரண்டாவது படி ஒன்றை ஆண்டுதோறும் நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் சொன்னது. மூலம் எரிந்தாலும் இது பிழைத்திருக்கலாம். ஆனால் நம் ஊர்களுக்கு இந்தச் சட்டம் பிரஷ்ய ஆட்சியோடு, அதாவது 1815-க்குப் பிறகுதான் வருகிறது. 4, 8 ஆகியோரின் பிறப்புக்கு இரட்டைப் படியை எதிர்பார்க்க வேண்டாம். மறுமுனையில், பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 முதலும் மற்ற ஜெர்மன் பகுதிகளில் 1876 ஜனவரி 1 முதலும் அரசுப் பதிவு அலுவலகம் வந்துவிட்டது. எனவே 3-இன் இறப்பு நௌம்பர்க் அலுவலகத்திலும் 1-இன் இறப்பு வைமார் அலுவலகத்திலும் பதிவாகியிருக்கும். பிறப்புக்கு 110 ஆண்டு, திருமணத்துக்கு 80, இறப்புக்கு 30 கடந்தால் இந்த ஏடுகள் பொதுக் காப்பகத்துக்குப் போகும். அதற்குப் பிறகு உறவை நிரூபிக்காமலே பார்க்கலாம்.

ரொக்கன்: எழுதியவரே அப்பா

1844 அக்டோபர் 15 பிறப்பு, 24 ஞானஸ்நானம். ஒன்பது நாள் இடைவெளி. போதகர் வீட்டுப் பதிவில் ஒரு விசித்திரம்: ஞானஸ்நானம் கொடுத்தவரும், குழந்தையின் தகப்பனும், அந்த ஊரின் பதிவேட்டுக்குப் பொறுப்பானவரும் ஒருவரே. விவரம் நிறையக் கிடைக்கும். சாட்சி என்று பார்த்தால் ஒரே ஒருவர்தான். ஆகவே ஞானப்பெற்றோர் பெயர்களை முழுமையாகப் படி எடுக்க வேண்டும். போதகர் வீடுகளில் அத்தைமாரும் பக்கத்து ஊர்ப் போதகர்களும் அங்கே நிற்பார்கள். அடுத்த ஊர் எது என்ற துப்பு அங்கிருந்துதான் கிடைக்கும்.

பெயரும் ஒரு ஆவணமே. அக்டோபர் 15, மன்னர் நான்காம் பிரீட்ரிக் வில்ஹெல்மின் பிறந்தநாள். குழந்தைக்கு அந்தப் பெயர். தங்கை தெரேசே எலிசபெத் அலெக்சாண்டிரா, 1846 ஜூலை 10. மூன்று பெயரும் ஆல்டன்பர்க் இளவரசிகள் மூவருடையவை; அப்பாவின் மாணவிகள். பிள்ளைகளின் பெயரை வைத்தே அப்பாவின் பணி வரலாற்றை ஊகித்துவிடலாம். ஆனால் ஊகத்தை நியமனக் கோப்பில் சரிபார்த்த பிறகே பட்டியலில் ஏற்ற வேண்டும்.

கார்ல் லுட்விக்கின் பாதை அக்காலப் போதகருக்கு அச்சில் வார்த்தது போன்றது. ஹால்லேயில் இறையியல், தேர்வு, வேலைக்குக் காத்திருக்கும் 'கண்டிடாட்' நிலை, பெரிய வீட்டில் ஆசிரியப் பணி, 1842-இல் மன்னர் தயவில் ரொக்கன் சபை, அடுத்த ஆண்டு திருமணம். சபை கிடைக்காமல் கல்யாணம் இல்லை. திருமண நாள் 1843 அக்டோபர் 10, மாப்பிள்ளைக்கு முப்பது வயது நிறைந்த அன்று. பெண்ணுக்கு 17. திருமணத்தை ரொக்கனில் தேடக் கூடாது, பெண் வீட்டுச் சபையான போப்லெஸில் தேட வேண்டும். மாப்பிள்ளை ஊரில் கல்யாண ஓலை (தேவாலயத்தில் முன்கூட்டிச் சொல்லும் திருமண அறிவிப்பு) வாசித்த குறிப்பு மட்டும் இருக்கக்கூடும். அதை மட்டும் பார்த்துவிட்டு ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமையைத் திருமண நாளாக எழுதிவிட்ட பட்டியல்கள் ஏராளம்.

1849 ஜூலை 30-இல் அவர் இறந்தார். பதிவேட்டை எழுதுபவர் இறந்துவிட்டால் அவர் இறப்பை எழுதுபவர் யார்? பக்கத்து ஊர்ப் போதகர், அல்லது இடைக்காலத்தில் வந்தவர். கையெழுத்து மாறும் பக்கம்தான் அடையாளம். சபை காலியாக இருக்கும் மாதங்களில் பதிவுகள் பிந்தியும் சுருங்கியும் வரும். அந்தக் காலத்துக்குரிய நிகழ்வு கிடைக்காவிட்டால் அடுத்த போதகர் வந்த பின் உள்ள பக்கங்களையும் புரட்டுங்கள். போதகரின் விதவை உடனே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை, கருணைக்காலம் என்று ஒன்று உண்டு. இந்தக் குடும்பம் 1850 வசந்தத்தில்தான் நௌம்பர்க்குப் போனது. அந்த ஜனவரியில் இறந்த குட்டித்தம்பி ஜோசெஃபும் ரொக்கன் ஏட்டில்தான் இருப்பான்.

இறப்புப் பதிவில் வயது ஆண்டு, மாதம், நாள் கணக்கில் வரும். 2-க்கு அது 35 ஆண்டு, 9 மாதம், 20 நாள். பின்னோக்கிக் கழித்தால் 1813 அக்டோபர் 10. பிறந்த ஊர் தெரியாதபோது இந்தக் கழித்தல்தான் தேடும் ஆண்டைக் குறுக்கும். ஆனால் எழுதியவர் தப்பாகக் கணக்கிட்டிருந்தால் நாம் சரியாகக் கழித்தும் பயனில்லை. ஆகவே கழித்து வந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஓரிரு ஆண்டு சேர்த்தே தேட வேண்டும்.

நோய்க்கு மூளை இளகல் என்று அக்காலப் பெயர். தங்கை எலிசபெத் பின்னாளில் அதைப் படிக்கட்டில் விழுந்ததால் வந்தது என்று எழுதினார். பரம்பரை நோய் என்ற பேச்சைத் தவிர்க்க அது வசதியான விளக்கம். தங்கையின் கை பட்ட செய்தி எதையும் சமகாலப் பதிவு இல்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது முதல் எச்சரிக்கை.

ஏட்டைப் படிப்பதில் வரும் சறுக்கல்கள்

குரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'எ' ஒலிக்குரிய எழுத்தும் 'என்' எழுத்தும் ஒரே மாதிரி இரு கோடுகளாக நிற்கும். 'யு' எழுத்தின் தலையில் ஒரு சிறு வளைவு இருந்தால்தான் அது 'யு'. நீட்சே என்ற பெயரில் மெய்யெழுத்து வரிசையாக ஐந்து வருகிறது. எழுதுபவர் விருப்பப்படி ஒன்றைக் கூட்டுவார், ஒன்றைக் குறைப்பார், ஈகார நீட்டத்தை விடுவார், இறுதியில் ஒரு 'கே' சேர்ப்பார். இந்த வேறுபாட்டை வைத்து இரண்டு குடும்பம் என்று பிரிக்கவும் கூடாது, ஒரே ஒலி என்பதால் ஒரே குடும்பம் என்று சேர்க்கவும் கூடாது. ஊர், தொழில், ஞானப்பெற்றோர் மூன்றும் பொருந்தினால்தான் சேர்க்கை.

பழைய ஏடுகளில் பெண்ணின் குடும்பப்பெயரோடு 'இன்' விகுதி ஒட்டும். கிரவுசே வீட்டுப் பெண் 'கிரவுசின்', ஹான் வீட்டுப் பெண் 'ஹானின்'. இதை வேறு குடும்பப்பெயர் என்று எண்ணி இல்லாத ஒரு வம்சத்தை உருவாக்கியவர்கள் உண்டு.

மாதங்களில் 7, 8, 9, 10 என்ற எண்ணோடு லத்தீன் விகுதி வந்தால் அது செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஜூலையில் தொடங்குவதில்லை. கிழமைக்குக் கிரகக் குறி போடுவார்கள்: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஐரோப்பிய ஆய்வாளர் மனப்பாடம் செய்ய வேண்டிய இந்தப் பட்டியல் தமிழருக்கு நாட்காட்டியிலேயே இருக்கிறது. கிழமைக்குறியும் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, இலக்கத்தைச் சரியாகப் படித்தோமா என்பதற்கு நல்ல சோதனை.

நாட்காட்டி மாற்றம் 1700-இல். ஜெர்மனியின் சீர்திருத்தச் சபைப் பகுதிகளில் அவ்வாண்டு பிப்ரவரி 18-க்கு மறுநாள் மார்ச் 1. அதற்கு முந்திய தேதிகள் இன்றைய கணக்கில் பத்து நாள் பின்தங்கியவை. ரொக்கனுக்கு அருகே நடந்த லூட்சன் போரையே நூல்கள் 1632 நவம்பர் 6 என்றும் 16 என்றும் சொல்வது இதனால்தான். ஏட்டில் உள்ள தேதியை அப்படியே எழுதி, பக்கத்தில் பழைய முறை என்று குறித்துவையுங்கள். மாற்றி எழுதினால் அடுத்தவர் இன்னொரு முறை மாற்றுவார்.

பதவிப் பெயர்களும் குழப்பும். டையாகனுஸ் என்றால் உதவிக்காரர் இல்லை. பட்டம் பெற்று அபிஷேகமான இளைய போதகர். ஆர்க்கிடையாகனுஸ், நகரச் சபையில் இரண்டாம் இடத்துப் போதகர். சப்ஸ்டிடூட், முதியவருக்குத் துணையாக வந்து பெரும்பாலும் அவர் இடத்தைப் பிடிப்பவர். பெயருக்கு முன்னால் நிற்கும் 'எம்', மாகிஸ்டர் பட்டம். 'வைலண்ட்' என்றால் மறைந்த. மகனின் திருமணப் பதிவில் அப்பாவுக்கு முன்னால் இந்தச் சொல் வந்தால், அப்பாவின் இறப்பை அந்தத் தேதிக்கு முன்னால் தேட வேண்டும்.

ஐலன்பர்க், 1809 – 1826

5-ஆம் எண் எர்ட்முத்தேயைப் பிறந்த வீட்டுப் பெயரில் தேடினால் 1809 திருமணப் பதிவு கைக்கு வராமல் போகலாம். அவருக்கு அது இரண்டாம் திருமணம். முதல் கணவர் வழிப் பெயர் குரூகர். விதவையின் மறுமணத்தில் முன்னாள் கணவரின் பெயரே முன்னால் நிற்கும். 4-க்கும் இது இரண்டாம் திருமணம். ஆகவே ஐலன்பர்க் ஏட்டில் ஒரே அப்பாவுக்கு இரண்டு தாய்வழிப் பிள்ளைகள். ரோசாலி (1811), கார்ல் லுட்விக் (1813), அவுகுஸ்டே (1815) மூவர் மட்டுமே எர்ட்முத்தேயின் பிள்ளைகள். மூத்தாள் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தை எடுத்து அதில் உள்ள தாய் பெயரைப் 2-க்கு ஒட்டினால், 5, 10, 11 எல்லாம் தவறான கிளைக்குப் போய்விடும்.

நெப்போலியன் கதை இங்கே வருகிறது. 1813 அக்டோபர் இரண்டாம் வாரம், லைப்சிக் போருக்கு முந்திய நாட்கள். நெப்போலியன் ஐலன்பர்க் வழியாக டியூபன் போய் அங்கே தங்கியது வரலாறு. குடும்பக் கதை ஒரு நாள் முன்பின் ஆனாலும் ஊரும் வாரமும் சரி. ஐந்து செய்திகளில் தேறுவது ஏறக்குறைய இதுதான். பெற்ற தாயே சொல்லக் கேட்ட பேரன் எழுதியது. எர்ட்முத்தே இறந்தபோது பேரனுக்கு 11 வயது. சாட்சிக்கும் எழுதியவருக்கும் இடையே வேறு ஆள் இல்லை. போர்க்காலப் பதிவு என்பதால் ஞானஸ்நான நாள் தள்ளிப்போயிருக்கலாம். பிறந்த நாளையும் ஞானஸ்நான நாளையும் பிரித்தே எழுத வேண்டும்.

எர்ட்முத்தேயின் சகோதரர் யோஹான் பிரீட்ரிக் கிரவுசே (1770 – 1820), கோனிக்ஸ்பெர்கில் இறையியல் பேராசிரியர், பின் வைமாரில் தலைமைச் சூப்பரின்டென்டென்ட். பதவி உண்மை. ஆனால் ஹெர்டர் இறந்தது 1803 டிசம்பரில்; கிரவுசே வைமாருக்கு வந்தது 1819-இல்; மறு ஆண்டே இறந்தார். பதினைந்து ஆண்டு இடைவெளியை விழுங்கிவிட்டு 'ஹெர்டருக்குப் பின் வந்தவர்' என்று சொல்வது பொய் இல்லை. ஆனால் கேட்பவர் புரிந்துகொள்வது வேறு. போதகர் குடும்பக் கதைகளில் இது அடிக்கடி வரும் வகை. 'அவருக்குப் பின்' என்று எங்கே கண்டாலும் அந்தப் பதவியில் இருந்தோரின் முழு வரிசையை எடுத்துப் பாருங்கள். சாக்சனி மாகாணத்துக்கு 2003 முதல் 2009 வரை பத்துத் தொகுதிகளாக வந்த போதகர் அகராதி இதற்கு உதவும். அதில் ஒவ்வொரு போதகரின் பிறப்பு, படிப்பு, பணியிடம், மனைவி என்று சுருக்கமாக இருக்கும். அதை வரைபடமாகப் பயன்படுத்துங்கள். சான்றாகக் காட்டுவதற்கு மூல ஏடுதான் வேண்டும்.

பல்கலைக்கழகச் சேர்க்கை ஏடுகளுக்கும் இதே எச்சரிக்கை. லைப்சிக் 1409, விட்டன்பர்க் 1502, கோனிக்ஸ்பெர்க் 1544, ஹால்லே 1694 என்று நான்கையும் பார்க்க வேண்டியிருக்கும். விட்டன்பர்க் 1817-இல் ஹால்லேயோடு இணைந்தது. பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஊர், மாணவர் எந்த ஊர்க்காரராக வந்தார் என்பதைத்தான் சொல்லும். பிறந்த ஊராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய ஏடுகளில் பெயருக்குப் பின் "உறுதிமொழி எடுக்கவில்லை" என்று லத்தீனில் இருந்தால் அது வயது வராத பையன். அப்பா முன்கூட்டியே பெயர் பதிந்திருக்கிறார். சேர்ந்தபோது இருபது வயது என்று வைத்துக்கொண்டு பிறப்பைக் கணக்கிட்டால் பத்து ஆண்டு தவறும்.

ஹால்லே என்றதும் தமிழ் வாசகருக்குத் தரங்கம்பாடி நினைவு வரும். தரங்கம்பாடி மிஷனரிகளின் அறிக்கைகளை அச்சிட்டதும், தமிழ் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வைத்திருப்பதும் அங்குள்ள பிராங்கே நிறுவனம். தஞ்சையில் 1798-இல் இறந்த சுவார்ட்ஸ் ஐயர் பிரஷ்யாவின் நொய்மார்க் பகுதி சோனன்பர்க்கில் பிறந்தவர். அவர் வீட்டுக் கொடிவழியைத் தேடுபவருக்கும் மேலே சொன்ன நான்கு கட்டம் தேவை. சோனன்பர்க் இன்று போலந்தில் இருக்கிறது.

11-ஆம் எண்ணும் கோதேயின் நாட்குறிப்பும்

கோதேயின் இளமைக்கால நாட்குறிப்பில் 'முத்கன்' என்று ஒரு பெண் பெயர் வருகிறது. எர்ட்முத்தேயின் செல்லப்பெயர் என்று அதைக் கொள்ளலாம். பெயர் பொருந்துகிறது, ஊர் வைமார், குடும்பக் கதையும் அதையே சொல்கிறது. தடை ஒன்றே: எர்ட்முத்தே 1778 டிசம்பரில் ரைகன்பாக்கில் பிறந்தவர். கோதே வைமாருக்கு வந்ததே 1775-இல். இளம் கோதேயின் நாட்குறிப்பில் அவர் வர வேண்டுமானால் தொட்டிலோடு வர வேண்டும்.

அதனால்தான் 'எக்கே ஹோமோ'வில் அந்தப் பெயர் ஒரு தலைமுறை மேலே, பாட்டியின் தாய்க்கு நகர்ந்தது, 'இருக்கலாம்' என்ற தொனியில். தேதி இடிக்கும்போது கதையைக் கைவிடாமல் ஆளை மாற்றுவது, கொடிவழி ஆய்வில் தினம் காணும் காட்சி. புதிய ஆளுக்கும் சான்று தேவை. 11 ரைகன்பாக் ஆர்க்கிடையாகனுஸின் மனைவி. வைமாரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி, 1778 டிசம்பரில் பிள்ளை பெற்றவர். மகளின் பெயர் எர்ட்முத்தே என்பதால் தாயும் எர்ட்முத்தே ஆகிவிட மாட்டார். ரைகன்பாக் ஏட்டில் பிள்ளைகளின் ஞானஸ்நான வரிசையை எடுத்து, இரண்டு பிரசவங்களுக்கு இடையே அவர் எங்கே இருந்தார் என்று பார்ப்பதுதான் வழி. அதைச் செய்யாத வரை நாட்குறிப்புப் பெண்ணைப் பட்டியலில் ஏற்ற முடியாது.

8-இலிருந்து 16

இப்போது போலந்து. எலிசபெத் எழுதிய கதையின் எலும்புக்கூடு இது: நிக்கி என்ற போலந்துப் பிரபு, சாக்சனி ஆட்சியாளரும் போலந்து மன்னருமான வலிமைமிகு அவுகுஸ்டின் தயவு பெற்றவர். அவுகுஸ்டுக்குப் போட்டியான ஸ்டனிஸ்லாவ் லெஸ்சின்ஸ்கி மன்னரானதும் சாக்சனி, சீர்திருத்தச் சபைத் தரப்புக்காகச் சதியில் இறங்கி, மரண தண்டனைக்கு ஆளாகி, அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த மனைவியோடு தப்பி, இரண்டு மூன்று ஆண்டு ஜெர்மன் சிற்றரசுகளில் அலைந்தார். அந்தக் கைக்குழந்தைதான் கொள்ளுத்தாத்தா.

பதிவேட்டைத் திறக்கும் முன்பே கதையை அதன் தேதிகளாலேயே சோதிக்கலாம். லெஸ்சின்ஸ்கியின் முதல் ஆட்சி 1704 முதல் 1709 வரை. அந்த ஆட்சியில் தப்பியோடிய குழந்தை 1709-க்குள் பிறந்திருக்க வேண்டும். 8-ஆம் எண் பிறந்தது 1714. அப்போது அவுகுஸ்ட் மறுபடி போலந்து அரியணையில் ஐந்தாண்டு கடந்துவிட்டார். அவர் கட்சிக்காரர் ஓட வேண்டிய தேவை இல்லை, ஊருக்குத் திரும்பிப் பரிசு வாங்க வேண்டிய நேரம். லெஸ்சின்ஸ்கியின் இரண்டாம் ஆட்சி 1733-இல். அப்போது 8-க்கு 19 வயது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கைக்குழந்தை பொருந்தவில்லை.

அடுத்த சோதனை, கதை வந்த வழி. 8 இறந்தது 1804. எர்ட்முத்தே அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டது 1809. மாமனாரை மருமகள் என்ற முறையில் அவர் கண்டதே இல்லை. ரோசாலியும் அவுகுஸ்டேயும் தாத்தா போன பிறகு பிறந்தவர்கள். 4 இறந்தது 1826, பேரன் பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பு. 2 இறந்தபோது மகனுக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. நௌம்பர்க் வீட்டில் பாட்டி, இரண்டு அத்தைகள், அம்மா. கொள்ளுத்தாத்தாவிடம் நேரே கேட்டவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

தலைமுறை இடைவெளியையும் கவனிக்க வேண்டும். 8-இலிருந்து 1 வரை 130 ஆண்டு, மூன்றே படி: 42, 57, 31. தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்ற வாய்பாட்டைப் போட்டால் இடையில் இன்னொருவர் விடுபட்டிருக்கிறார் என்று தோன்றும். கதைக்காரர் அந்த இடத்தில் ஒரு பிரபுவைச் செருகிவிடலாம். சபை கிடைக்கும் வரை காத்திருப்பதும் மனைவி இறந்து மறுமணம் செய்வதும் சேர்ந்து, போதகர் வீடுகளில் படிகள் இப்படி நீளும்.

ஏட்டுச் சான்று கதைக்கு எதிர்த் திசையில் போகிறது. ஹான்ஸ் ஃபோன் முல்லர் 1898-இலேயே எலிசபெத்தின் போலந்து வம்சாவளியை மறுத்து எழுதினார். தாய்வழி உறவினரும் வைமார் நீட்சே காப்பகத்தின் பொறுப்பாளருமான மக்ஸ் ஓலர் முன்னோர் பட்டியலை விரித்தபோது, தந்தைவழியிலும் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களின் வீடுகளிலும் ஜெர்மன் பெயர்களே கிடைத்தன. இங்கே ஒரு சந்தேகத்தையும் குறிக்க வேண்டும். ஓலரின் பட்டியல் வந்த 1930களில், நாஜி ஆட்சியின் கீழ், ஜெர்மனியில் எல்லோரும் முன்னோர் சான்றோடு அலைந்த காலம். ஜெர்மன் முன்னோர் கிடைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் அவர் காப்பகத்துக்கும் இருந்திருக்கும். பட்டியலைச் சாட்சியாக ஏற்காமல், அதில் உள்ள ஊர், ஆண்டை வைத்து ஒவ்வொரு பதிவையும் படத்தில் பார்க்க வேண்டும். முல்லர் அந்தக் காலத்துக்கு முன்பே அதே முடிவுக்கு வந்தார் என்பது மட்டும் ஓலருக்குச் சாதகம்.

பெயர் எதையும் நிரூபிக்காது. நிக்கோலாஸ் என்பதன் சுருக்கத்திலிருந்து வந்த பெயர் நீட்சே. ஜெர்மானியரும் ஸ்லாவியரும் கலந்து வாழ்ந்த கிழக்குப் பகுதியில் அந்த விகுதியோடு எண்ணற்ற குடும்பங்கள் உண்டு, உழவர், நெசவாளர், கசாப்புக்காரர் என்று. ஸ்லாவிய வாடை இருக்கிறது. பிரபுப் பட்டம் அதில் இல்லை. பட்டம் இருந்திருந்தால் அது அரசு ஆவணத்தில் இருக்கும். மகன் கலால் ஆய்வாளராக வேலைக்குச் சேரும்போதாவது பெயரோடு ஒட்டியிருக்கும்.

'தலைமுறை தலைமுறையாகப் போதகர்கள்' என்ற வரியையும் இதே பட்டியலில் எண்ணிப் பார்க்கலாம். தந்தைவழியில் போதகர் 2, 4 இருவரே. 8 வரி வசூல் துறை. தாய்வழியில் 6 போதகர். ஆனால் அவர் அப்பா 12, சைட்ஸ் நகரத்து நெசவாளர். 7 பண்ணை நிலம் உடைய வீட்டுப் பெண். நான்கு கொள்ளுத்தாத்தாக்களில் போதகர் ஒருவர் மட்டும், 10-ஆம் எண் கிரவுசே. அதாவது பழைய போதகர் குடும்பம் என்று சொல்லத்தக்க கிளை எர்ட்முத்தே வழியாகவே வருகிறது, குடும்பப்பெயர் வழியாக வரவில்லை. தேடல் நேரம் குறைவாக இருந்தால் பிப்ராவில் 16-ஐத் துரத்துவதை விட்டு, ரைகன்பாக் ஏட்டில் 20, 21-க்குப் போங்கள்.